கரை என்பது கோடு அல்ல
(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

என் சொந்த ஊர் திருப்பாலைவனம். "பாலைவனமா? ஒட்டகம் உண்டா?" என்று ஹாஸ்டலில் கேலி செய்தவர்கள் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்! பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகிற வழியில் இருக்கும் ஊர் அது. பாலைவனம் பெயரில் மட்டும்தான். பக்கத்திலேயே சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி இருக்கிறது.

அந்த ஏரி எப்படி வந்தது? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. பனி உருக உருக நீர் ஏறி, ஆறேழாயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான் இன்றைய மட்டத்தை ஒட்டி வந்தது. பிறகு அலைகள் மணலைக் குவித்து நீளமான திட்டுகள் போட்டன. திட்டுக்கும் நிலத்துக்கும் நடுவே அகப்பட்ட நீர்தான் பழவேற்காடு ஏரி. ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டாவும் அப்படிப்பட்ட மணல் திட்டுதான்.

ஆக, கரை என்பது வரைபடத்தில் போட்ட கோடு அல்ல. அது ஓடிக்கொண்டே இருக்கும் மணல். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் சாய்வாக வந்து மோதி மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளும். வருஷக் கணக்கைக் கூட்டிக் கழித்தால், நம் சோழமண்டலக் கரையில் வடக்கே போவதுதான் அதிகம்.

இந்த ஓட்டத்தின் குறுக்கே சுவர் எழுப்பினால் என்ன ஆகும்? சென்னையையே பாருங்கள். 1870-களில் துறைமுகச் சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் கரைகளைக் கடல் அரித்தது. நாம் சுண்டல் சாப்பிட்டுக் காற்று வாங்கும் மணலில் ஒரு பங்கு வடசென்னைக்குப் போயிருக்க வேண்டியது சார்!

அதற்கு வடக்கே 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது, 2013-ல் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. காட்டுப்பள்ளிக்கு வடக்கே இப்போது கரை அரிக்கிறது. அங்கே கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே இருப்பது ஒடுக்கமான மணல் திட்டு. அதன்மேல்தான் கோரைக்குப்பம் போன்ற மீனவர் குப்பங்கள் நிற்கின்றன.

இன்னும் வடக்கே பழவேற்காடு முகத்துவாரம். மழைக்காலத்தில் ஆரணியாற்று வெள்ளம் மணலை உடைத்துக்கொண்டு கடலில் சேரும். கோடையில் நீரின் வேகம் குறையும். மணல் வந்து வாயை அடைக்கும். அடைத்தால் ஏரிநீர் வற்றி உப்பு ஏறும், கடலிலிருந்து இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வராது, படகும் வெளியே போகாது. ஊர்க்காரர்களே காசு போட்டு மணலை வெட்டித் திறந்த வருஷங்கள் உண்டு.

மீனவர்கள் நெடுங்காலம் கேட்டு வந்தபடி, முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்க இருபுறமும் கருங்கல் சுவர் கட்டும் வேலையை அண்மை ஆண்டுகளில் தமிழக அரசு எடுத்துக்கொண்டது. தேவையான வேலைதான். ஆனால் சுவர் கட்டியதோடு கணக்கு முடியாது. ஒரு பக்கம் சேரும் மணலை அள்ளி, மறுபக்கக் கரைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் தூர்வாரும் மணலை நகரக் கடற்கரையில் கொட்டுகிறார்கள். அந்தச் செலவை எஸ்டிமேட்டில் முதலிலேயே சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த குப்பத்துக்காரன் தன் வீட்டைக் கொடுத்து அதைக் கட்டுவான்.

இளைய மாணவர்களே! நாளை உங்களில் யாரோ ஒருவர் மேஜையில் ஒரு கடற்சுவரின் வரைபடம் வந்து விழும். கான்கிரீட் கணக்கு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே இரண்டு கேள்விகளையும் கேளுங்கள்: இந்த மணல் எங்கிருந்து வருகிறது? இதற்காகக் காத்திருக்கும் ஊர் எது? அந்த ஊருக்கு ஒரு நடை போய்விட்டு வந்து கையெழுத்துப் போடுங்கள்.