ராத்திரி 11 மணிக்கு என் மகள் யாரோடு பேசுகிறாள்?

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு வங்கிக் கடன் பற்றிப் பேசுவதாகத்தான் இருந்தது. ஆனால் போன வாரம் கவரைப்பேட்டை பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போனபோது, ஓர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "என் பொண்ணு பெரிய கம்பெனில சாஃப்ட்வேர் இன்ஜினியர். வாரத்துல ரெண்டு மூணு நாள் வீட்டுல இருந்தே வேலை பாக்குறா. ராத்திரி 11 மணிக்குக் கதவைச் சாத்திக்கிட்டு யார்கூடவோ இங்கிலீஷ்ல பேசுறா, சிரிக்கிறா. பக்கத்து வீட்டுல ஒரு மாதிரி கேக்குறாங்க. அது என்ன வேலைம்மா? நீ படிச்ச பொண்ணு, சொல்லு" என்றார்.

நான் படித்தது சமூகப் பணி, கம்ப்யூட்டர் இல்லை. ஆனால் என் தங்கை அந்த வேலையில்தான் இருக்கிறாள். அவளிடம் கேட்டதையும், எங்கள் வீட்டில் பட்டதையும் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இன்ஜினியர் என்றால் நமக்குத் தெரியும். தலையில் ஹெல்மெட், காலில் ஷூ, ஷிஃப்ட் முடிந்தால் கம்பெனி பஸ். இரும்பு உருகுவது கண்ணுக்குத் தெரிகிறது. சாஃப்ட்வேர் வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இவ்வளவு சந்தேகம்.

ரேஷன் கடையில் ஸ்மார்ட் கார்டைக் கொடுத்து விரலை வைக்கிறோம். சில நாள், "சர்வர் இல்லம்மா, அப்புறம் வா" என்கிறார்கள். அந்த மிஷினுக்குள் எந்தக் கார்டுக்கு எவ்வளவு அரிசி என்று கணக்குப் பார்ப்பது ஒரு புரோகிராம். அதை எழுதுவதும், நின்றுபோனால் எங்கே கோளாறு என்று தேடிச் சரிசெய்வதும்தான் சாஃப்ட்வேர் இன்ஜினியர் வேலை. ரேஷன் கடைக்குப் பதிலாக அமெரிக்காவில் உள்ள ஒரு வங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வங்கி இந்த வேலையை இங்கேயுள்ள கம்பெனியிடம் கொடுக்கிறது. டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், காக்னிசன்ட் எல்லாம் இப்படி வெளிநாட்டுக்காரர்களுக்கு வேலை செய்துகொடுத்துத்தான் பெரிதாக வளர்ந்தன.

கலிபோர்னியாவில் காலை 10 மணி என்றால் நமக்கு ராத்திரி 10:30. அவர்களுடைய குளிர்காலத்தில் 11:30 ஆகிவிடும். ஆகவே அந்த அம்மாவின் மகள் பேசுவது, அங்கே காலைக் காபி குடித்துவிட்டு ஆபீசில் வந்து உட்கார்ந்தவரோடு. சிரிப்பதும் வேலையில் சேர்த்திதான். வேலை கொடுத்தவர் ஜோக் அடித்தால் சிரிக்காமல் முடியுமா?

பகலில் என்ன செய்வார்கள்? எந்நேரமும் புதிதாக எழுதிக்கொண்டே இருப்பார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். பாதி நேரம் மற்றவர் எழுதியதைப் படிக்கிற வேலைதான் என்றாள் தங்கை. பழைய ஊக்குநர் எழுதிய கணக்கு நோட்டைப் புது ஊக்குநர் வாங்கிப் பார்த்த அனுபவம் உங்களில் பலருக்கு உண்டு. எதற்காக அடித்தார், எங்கிருந்து அந்த 200 ரூபாய் வந்தது, ஒன்றும் புரியாது. கேட்கலாம் என்றால் அவர் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போயிருப்பார். இவர்களுக்கு அதுவே ஆயிரக்கணக்கான பக்கம். ஒருமுறை மூன்று நாள் தேடி, ஒரே ஒரு குறி மாறிக்கிடந்ததைக் கண்டுபிடித்து, நடுராத்திரி எனக்கு ஃபோன் போட்டுக் கத்தினாள். ஏதோ ஆபத்து என்று பயந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. அந்த வேலை அவளுக்குப் பிடித்த வேலை. அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

இப்போது பண விஷயம். 2019-இல் அவளுக்கு வந்த ஆஃபர் லெட்டரில் வருஷத்துக்கு 3,60,000 ரூபாய் என்று போட்டிருந்தது. எங்கள் அம்மாவும் உங்களைப்போலக் குழுவில் இருப்பவர்தான். உடனே 12-ஆல் வகுத்தார், மாதம் 30,000. ஆனால் அந்தத் தொகைக்குள் கம்பெனி கட்டுகிற பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ், வருஷக் கடைசியில் தந்தாலும் தரலாம் என்கிற ஊக்கத்தொகை எல்லாம் அடக்கம். பிறகு அவள் பங்கு பி.எஃப். வேறு பிடிப்பார்கள். கைக்கு வந்தது 24,000 சொச்சம். அதற்குள் அம்மா 30,000 கணக்கில் குழுவில் உள்கடன் வாங்கி, வீட்டுக்குத் தளம் போட ஆரம்பித்துவிட்டார். படிப்புக் கடன் வேறு இருந்தது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை இல்லை என்று வங்கியில் சொன்னார்கள். அந்த ஒரு வருஷமும் வட்டி ஓடிக்கொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

வெளிநாட்டுக்காரர் வேலையை நிறுத்திவிட்டால் இவர்களுக்கு அடுத்த வேலை வரும்வரை சும்மா உட்கார வேண்டும். அதற்கு 'பெஞ்ச்' என்று பெயர். சம்பளம் வரும், ஆனால் வயிற்றில் நெருப்பு. 2023 ஜனவரியில் என் தங்கையை ஓர் அறைக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனி பெயர் வேண்டாம். "நீயே ராஜினாமா எழுதிக் கொடு. இல்லாவிட்டால் அனுபவச் சான்றிதழ் கிடைக்காது" என்றார்கள். ஒரு மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

வீட்டில் சொல்லவில்லை. இரண்டு மாதம், தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு பொன்னேரியில் ரயில் ஏறினாள். சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடிப்பாள். முன்பெல்லாம் டைடல் பார்க் பக்கத்து ஆபீசுக்குத் திருவான்மியூர் வரை போவாள். இப்போது கோட்டூர்புரத்திலேயே இறங்கி, அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரி அதே ரயிலில் வீடு. தவணை திரும்பிவிட்டது என்று வங்கியிலிருந்து ஃபோன் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன். "அம்மா எல்லார்கிட்டயும் என்னை எங்க வீட்டு ஏ.டி.எம்.னு சொல்றாங்க. ஏ.டி.எம்.ல பணம் இல்லன்னு எப்படிக்கா சொல்றது?" என்றாள். அம்மா அதை விளையாட்டாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் கெட்டிக்காரி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. நம் பக்கத்துப் பெண்கள் பலர் போய்வந்த ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2006-இல் தொடங்கி 2014-இல் மூடவில்லையா? அப்படித்தான்.

அன்றைக்கு அவளுக்குத் தெரியாத ஒன்றை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ராஜினாமா என்று எழுதிக் கொடுத்துவிட்டால், தானே விருப்பப்பட்டுப் போனதாக ஆகிவிடும். பிறகு நியாயம் கேட்பது கஷ்டம். யோசிக்க நேரம் கேட்கலாம், வீட்டுக்கு ஃபோன் செய்யலாம். ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசே 2016-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. 2015 ஜனவரியில், கர்ப்பமாக இருந்த ஓர் ஐ.டி. பெண் ஊழியர் வேலைநீக்கத்தை எதிர்த்துப் போனபோது, சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிற ஏஜென்சி எதுவானாலும் முதலில் எங்களிடம் சொல்லுங்கள்.

தங்கைக்கு இப்போது வேறு வேலை, சின்னக் கம்பெனி. அதே ராத்திரிப் பேச்சு. அம்மா படுக்கப்போகும் முன் ஃபிளாஸ்கில் டீ வைத்துவிடுகிறார். தளத்துக்கு வாங்கிய உள்கடனில் இன்னும் 7 தவணை பாக்கி, அதை அம்மாவே மாட்டுப் பால் பணத்தில் கட்டுகிறார்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை கூட்டத்துக்குத் தங்கை வருகிறாள். ஆஃபர் லெட்டர் வைத்திருப்பவர்கள் நகல் கொண்டுவாருங்கள், அசல் வேண்டாம். வரிவரியாகப் படித்துச் சொல்வாள். கவரைப்பேட்டை அம்மா தன் மகளையும் அழைத்துவரட்டும், பக்கத்து வீட்டு அம்மாவையும்தான். 10 மணி என்று போட்டிருக்கிறோம். முந்தின ராத்திரி கலிபோர்னியாக்காரர் அதிகம் பேசிவிட்டால் 11 ஆகும்.