முதிரையும் தேவாங்கும்

திருக்கோணமலையிலிருந்து நிலாவெளிக்குச் செல்வோர் சாம்பல்தீவைக் கடக்கையில் கடலையும் களப்பையுமே பார்ப்பர். அவற்றுக்கு மேற்கே விரியும் வறண்ட காட்டில் வாழும் இரண்டு உயிர்களைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். ஒன்று முதிரை மரம், மற்றது தேவாங்கு. இரண்டும் அவசரம் அறியாதவை.

முதிரை மெல்ல வளர்வது. அதனால் அதன் வயிரம் இறுகிப் பொன்னிற மினுக்கம் பெறுகிறது. நம் வீட்டுக் கதவும் நிலையும் அதனாலேயே சிறப்புற்றன. அந்த அருமையே அதற்குப் பகையாயிற்று. 1998இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாகப் பதிவுசெய்தது.

தேவாங்கோ ஏறக்குறைய கால் கிலோ எடையுள்ள சிற்றுயிர். மெலிந்தவரைத் தேவாங்கு என்று நகையாடுகிறோமே, அந்த மெலிவுதான் நுனிக்கிளையில் அதனைத் தாங்குகிறது. பகலில் உறங்கும், இரவில் பூச்சி தேடும். குரங்குக்கு உறவாயினும் தாவ அறியாது. அடுத்த கிளையைப் பற்றிய பின்னரே பற்றிய கிளையை விடும். ஐந்து மாதத்துக்கு மேல் சுமந்து, ஒன்றோ இரண்டோ குட்டிகளே ஈனும்.

வேற்றுமை இனித்தான் வருகிறது. முதிரை நின்ற இடத்தைவிட்டு அசையாது. ஆனால் அதன் விதைக்குச் சிறகுண்டு. காற்றேறிப் பாதையைக் கடந்துவிடும். நான்கு கால் படைத்த தேவாங்குக்கோ கிளைத்தொடர் அறுந்தால் தரையில் இறங்குவதன்றி வேறு வழியில்லை. அங்கே நாயும் மோட்டார் வண்டியும் உண்டு.

1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், பின்வந்த திருத்தங்களுடன், தேவாங்கைக் காக்கிறது. முதிரையைத் தறித்து ஏற்றிச்செல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆயினும் மரம் தறிப்பவன் தேவாங்கைத் தொடாமலே அதன் பாலத்தை அறுத்துவிடுகிறான். காணி திருத்துவோர் எல்லையோரத்தில் கிளையோடு கிளை தொடுமாறு சில மரங்களை விட்டுவைப்பாராயின், இரவில் அது கடந்துபோகும்.