திட்ட அறிக்கையும் ஆலோசகரும்



கரையான்சாவடிக்குத் திருமழிசைத் தொழிற்பேட்டையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் தொலைவல்ல. அவற்றைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொந்தத் தொழிலில் நாட்டம் எழுவது இயல்பே. கடனுக்கு அணுகியதும் வங்கி கேட்பது திட்ட அறிக்கை. அதை எழுதித் தரும் ஆலோசகரைத் தேடும் படலமும் அப்போதே தொடங்குகிறது. இது புதிய வழக்கமன்று. தொழில் ஆலோசனைக்கென்றே இட்காட் நிறுவனம் 1979இல் சென்னையில் தோன்றியது.

ஆலோசகரை அமர்த்துவதில் தவறில்லை. பிறருக்கு எழுதிய அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றித் தருபவரை அமர்த்துவதே தவறு. மசாலாப் பொடி தயாரிக்கும் குடும்பம் ஒன்றின் மாத விற்பனை 4 இலட்சம் ரூபாய் எனக் கொள்க. கடைக்காரர்கள் 15 நாளில் பணம் தருவர் என்று அறிக்கை சொன்னால், வெளியே நிற்கும் தொகை 2 இலட்சம். உண்மையில் 45 நாளானால் அது 6 இலட்சம். இடையிலுள்ள 4 இலட்சத்துக்குக் கடனில் இடமிராது. வீட்டு நகைதான் அடகுக்குச் செல்லும். இயந்திரம் நன்றாக ஓடும், ஆர்டரும் இருக்கும். மிளகாய் வாங்கக் கையில் காசிராது. பதிவுபெற்ற சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்தலாகாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறதுதான். ஆயினும் தெருமுனைக் கடைக்காரரிடம் சட்டம் பேசிச் சரக்கு விற்றவர் எவர்?

அக்கடைக்காரரின் வழக்கம் ஆலோசகருக்குத் தெரியாது. பூந்தமல்லிக் கடைத்தெருவில் நான்கு நாள் நடந்து விசாரிக்க வேண்டியவர் தொழில் தொடங்குபவரே. அவர் கொணரும் எண்களை வங்கி ஏற்கும் முறையில் அடுக்குவது ஆலோசகர் பணி. வங்கி மேலாளரின் வினாக்களுக்கு விடையிறுக்க வேண்டியவரும் கடன் கேட்பவரே அன்றோ!

கட்டணம் பற்றியும் கூற வேண்டும். கடன் தொகையில் விழுக்காடு கேட்பவருக்குக் கடன் பெருகுவதே ஆதாயம்; அதைத் திருப்பிச் செலுத்துபவர் வேறொருவர். ஆதலின் நிலையான தொகையைப் பேசி, எழுத்தில் பெற்று, பணி முடிய முடியப் பகுதி பகுதியாக அளித்தல் நன்று. கடனும் மானியமும் உறுதி என்பாரை வாயிலிலேயே வணங்கி அனுப்பிவிடலாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்துக்கு இடைத்தரகர் எவரையும் அமர்த்தவில்லை என்று கதர் கிராமத் தொழில் ஆணையமே அறிவித்துள்ளது. மாவட்டத் தொழில் மையத்தை நேரே அணுகி வழிகாட்டுதல் பெறலாம்.

அச்சிட்ட அறிக்கையோடு கணக்கின் கணினிக் கோப்பையும் கேட்டுப் பெறுக. விற்பனை கால்பங்கு குறைந்தால் தவணை கட்ட இயலுமா என்று எண்களை மாற்றிப் பார்க்க அது உதவும். பிணையாகக் கையெழுத்திடப்போகும் மனைவியோ தாயாரோ அக்கணக்குப் பார்க்கையில் உடனிருத்தல் வேண்டும்.