பட்டமும் பட்டறிவும்

கணினித் தொழிலுக்குப் பட்டம் வேண்டுமா, பட்டறிவே போதுமா என்று என்னிடம் பயின்றவர்கள் அடிக்கடி வினவுகின்றனர்.

இத்துறையில் தொழில் முந்தியது; படிப்புப் பிந்தியது. கேம்பிரிட்ஜில் எட்சாக் என்னும் கணினி 1949இல் இயங்கத் தொடங்கிற்று. கணினிக்கென அங்கே பட்டய வகுப்புத் தோன்றியதோ 1953இல்தான்.

டோனி ஹோர் என்பார் ஆக்ஸ்போர்டில் பயின்றவை இலத்தீன், கிரேக்கம், தத்துவம். ஆயிரம் எண்களை ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டு வரிசைப்படுத்தப் புகுந்தால் 4,99,500 ஒப்பீடுகள் வேண்டும். அவரோ ஓர் எண்ணை நடுவில் நிறுத்திச் சிறியனவற்றை ஒருபுறமும் பெரியனவற்றை மறுபுறமும் ஒதுக்கினார். ஒவ்வொரு புறத்தையும் மீண்டும் அவ்வாறே பிரித்தார். சராசரியாக 11,000 ஒப்பீடுகளே போதுமாயின! 1961இல் வெளியான இம்முறைக்குக் 'குயிக்சார்ட்' என்று பெயர்.

உடனே புத்தகத்தை மூடிவிடாதீர்கள். தத்துவத்தோடு தருக்கமும் கற்ற மூளை அது. மனப்பாடம் செய்து வாங்கிய கணினிப் பட்டத்தைவிட அக்கல்வி மேலானதென்பேன். ஆயினும், பரிந்துரைக்க ஆளில்லாத ஏழை வீட்டுப் பிள்ளையின் விண்ணப்பத்தைப் பிறர் பிரித்துப் பார்க்கச் செய்வது பெரும்பாலும் பட்டமே. எனக்கும் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழே பள்ளிக் கதவைத் திறந்தது. கற்பிக்கக் கற்றுத் தந்தவர்களோ கடைசி வரிசைப் பிள்ளைகள்!

ஆப்பிள் கணினியை வடிவமைத்த ஸ்டீவ் வோஸ்னியாக், செல்வமும் புகழும் எய்திய பின்னர்ப் பெர்க்கிலிக்குத் திரும்பி, வேறொரு பெயரில் வகுப்பில் அமர்ந்து, 1986இல் பட்டம் பெற்றார்.