கற்பிப்பார்க்குக் கற்பித்தல்

(நம் சங்கத்தின் பெரம்பலூர், அரியலூர்க் கிளைகளின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் கல்வி நிதியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். அந்நிதியில் ஒரு பங்கினை எவ்வழியிற் செலவிடல் வேண்டும் என்பதனை மட்டும் கூற விழைகின்றேன்.

உடற்குறையுடைய குழந்தைக்கு மருத்துவமனை தொலைவில் உளது. தாயோ அருகில் உள்ளாள். ஆதலின் வீட்டாரையே பயிற்றுநராக்கல் வேண்டுமெனக் கருதி, உலக சுகாதார நிறுவனம் 1989-ஆம் ஆண்டில் ஒரு பயிற்சி நூலை வெளியிட்டது. அதனை ஆக்கிய நால்வருள் இலங்கையைச் சேர்ந்த பத்மனி மெண்டிஸ் அம்மையார் ஒருவர். அதன் நான்கு வழிகாட்டிகளுள் ஒன்று பள்ளியாசிரியர்க்கென்றே எழுதப்பட்டது. நெடுநாள் ஆசிரியனாயிருந்தும் அஃதறியாமைக்கு நாணினேன். நம் மாநிலத்தில், தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981-இல் திரு. எஸ். இராமகிருஷ்ணன் நிறுவிய அமர் சேவா சங்கம், ஊரகப் பெண்களை மறுவாழ்வுப் பணியாளராகப் பழக்கி வீடுகளுக்கு அனுப்பி வருகின்றது.

ஆயினும், அறிதல் வேறு, அறிவித்தல் வேறு. என் உறவினர் வீட்டில் பெருமூளை வாதமுற்ற சிறுவன் ஒருவன் உளன். அவன் கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல்போற் பின்னிக்கொள்ளும். பணியாளர் ஒருவர் வந்து, கற்றவை அனைத்தையும் ஒரு மணி நேரம் ஒப்பித்தார். தாய் தலையசைத்தாள். மறுமாதம், “சொன்னதைச் செய்யவில்லையே” எனக் கடிந்தார். பருத்தி எடுக்க விடியுமுன் காட்டிற்குச் செல்பவள் எதனை நினைவிற் கொள்வாள்?

பின்னர் வேறொருவர் அந்திப் பொழுதில் வந்தார். “பிள்ளையை எப்படித் தூக்குகிறீர்கள், அக்கா?” என வினவிப் பார்த்திருந்தார். கால்கள் சேர்ந்திருக்கக் கைகளில் ஏந்துவதைக் கண்டு, இரு காலும் அகன்றிருக்க இடுப்பில் வைத்துக் காட்டினார். தாயே செய்யக் கண்டார். அவளைக் கொண்டே பாட்டிக்கும் சொல்லுவித்தார். அன்றைக்கு அவ்வளவே. அடுத்த முறை, படுக்கவைத்துச் சோறூட்டினால் உணவு மூச்சுக்குழலிற் புகும் என உணர்த்தி, நிமிர்ந்தமர்த்தித் தலை சிறிது முன் சாய ஊட்டுவித்தார். இன்று அச்சிறுவன் சுவரிற் சாய்ந்தமர்ந்து உண்கின்றான்.

நன்னூற் பொதுப்பாயிரம் ஆசிரியர் இயல்பையும் பாடஞ் சொல்லும் முறையையும் முன்வைத்து, மாணாக்கர் இயல்பைப் பின்வைத்தது. அவ்வைப்பு முறையின் பொருளை இவ்விருவரைக் கண்டபின்னரே உணர்ந்தேன். எத்தனையோ மாணவரை ஓட்டைக்குடம் என்று நான் ஏசியதுண்டு. ஊற்றிய என் கையை நோக்கியதில்லை.

ஆகவே, பணியாளரைப் பழக்குவோர் உடற்பயிற்சியை மட்டும் கற்பித்தல் போதாது. உற்றுக் காணவும், ஒரு முறைக்கு ஒன்றே காட்டவும், கற்பவரைச் செய்வித்துப் பொறுமையுடன் திருத்தவும் பழக்கல் வேண்டும். தேர்வினைப் பணியாளர்க்கு வையற்க. அவர் கற்பித்த தாய்க்கு வைக்க! அவள் செய்தால் அவர் தேறினார்.

அன்பர்களே! தமக்கையின் திருமணம் தடைப்படுமென்றஞ்சி இத்தகைய குழந்தையை உள்ளறையில் மறைக்கும் வழக்கம் நம்மிடையே இல்லையென நெஞ்சில் கைவைத்துக் கூறுவார் உளரோ? நம் நிதியினின்று ஆண்டுதோறும் இரு பெண்களையேனும் இப்பயிற்சிக்கு அனுப்புவோம். மீண்டு வருவோர் நம்மவர் வீடு, பிறர் வீடு என வேறுபாடு காணாது எவ்வாயிலிலும் நுழைவாராக. முதலில் நம் உள்ளறைக் கதவுகள் அவர்க்குத் திறக்கட்டும்!