மாதம் 1200 ரூபாயில் ஒரு குடித்தனம்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் நமது மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



வார்டுகளில் நோயாளிகளோடு ஜெபிப்பதும், அவர்கள் மனக்குறையைப் பொறுமையாய்க் கேட்பதுமே எங்கள் அன்றாடப் பணி. இத்தகைய கூடுகைகளில் வழக்கமாகப் புதிய கட்டடத்தைப் பற்றியோ புதிய கருவியைப் பற்றியோ உங்களுக்குச் சொல்லுவோம். இன்று கட்டிலருகே உட்கார்ந்து நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு காரியத்தைச் சொல்ல விரும்புகிறோம். அது முதியோர் உதவித்தொகையை நம்பி வாழும் ஒரு தாயாரின் வரவு செலவுக் கணக்கு.

நம் மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை 1962-ஆம் ஆண்டு மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2011-இல் அது 1000 ரூபாயாக உயர்ந்தது. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் அதே 1000 ரூபாய்தான். 2023 ஆகஸ்டில் 1200 ஆயிற்று. அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்கு இதில் மத்திய அரசு தந்துவந்த பங்கு 200 ரூபாய். மீதியை மாநில அரசு தந்தது. இந்தப் பணம் எத்தனையோ முதியவர்களைப் பிச்சையெடுக்காமல் காத்திருக்கிறது. அதை நாம் நன்றியோடு சொல்லவேண்டும். 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசியும் விலையில்லாமல் கிடைக்கிறது. கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும், 25 ரூபாய்க்குப் பாமாயிலும் அங்கே வாங்கியவர்கள் பசியால் மடியவில்லை.

அப்படியானால் கஷ்டம் எங்கே? வரவு மாதந்தோறும் ஒரே அளவாய் வருகிறது. செலவோ அப்படி வருவதில்லை. கஷ்டம் அங்கேதான் இருக்கிறது.

சமையல் எரிவாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை 1000 ரூபாயான 2011-இல் மானிய விலைச் சிலிண்டர் ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவு. 2020 நவம்பரில் சென்னையில் 610 ரூபாய். 2022 மே மாதம் ஆயிரத்தைத் தாண்டியது. 2023 மார்ச்சில் 1118 ரூபாய் 50 காசைத் தொட்டது. அப்பொழுதும் உதவித்தொகை 1000 ரூபாய்தான் என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஓராண்டுக்கும் மேலாக, ஒரு மாத உதவித்தொகை முழுவதையும் கொடுத்தாலும் ஒரு சிலிண்டர் வாங்க முடியாத நிலை இருந்தது. உஜ்வலா இணைப்பு உள்ளவர்களுக்கு 2022 மே முதல் 200 ரூபாயும், 2023 அக்டோபர் முதல் 300 ரூபாயும் மானியமாகக் கிடைத்தது; மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. பின்னர் விலை இருமுறை குறைந்தது. 2025 ஏப்ரலில் மறுபடியும் 50 ரூபாய் ஏறி 868 ரூபாய் 50 காசானது.

தனியாய் இருக்கும் ஒரு தாயாருக்கு ஒரு சிலிண்டர் மூன்று மாதம் வரும். சிக்கனமாய் இருந்தால் அதற்கு மேலும் வரும். மாதக் கணக்காக வகுத்தால் முந்நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும் என்று நாம் காகிதத்தில் எழுதிக் காட்டலாம். சிலிண்டர்காரர் மூன்று தவணையாக வாங்கமாட்டாரே! 2025 ஏப்ரல் விலைப்படி 1200-இல் 868 ரூபாய் 50 காசு போனால் மீதி 331 ரூபாய் 50 காசு. மாடிப்படி ஏறித் தூக்கிவந்து வைத்தவருக்கு நாற்பது ரூபாய் கொடுத்தால் கையில் முந்நூறுகூட இல்லை. அந்த மாதம் முழுவதும் அந்தத் தாயார் பால், காய்கறி, சோப்பு, பஸ் செலவு யாவற்றையும் இதற்குள் பார்க்கவேண்டும்.

மின்சாரமும் அப்படியே. 2016 மே முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாயிற்று. ஒரு விளக்கும் ஒரு விசிறியும் உள்ள வீட்டுக்கு அது போதும். ஆனால் மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. ஒரு மீட்டரில் நான்கு குடித்தனம். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளுகிறார். அரசு கொடுத்த இலவசம் வாசல்வரை வந்தும் உள்ளே வருவதில்லை. 2022 செப்டம்பரிலும் அதன்பின்பும் மின்கட்டணம் உயர்ந்தபோது, அந்த உயர்வு மட்டும் தவறாமல் உள்ளே வந்தது.

இதற்குமேல் ஜூன் மாதம் வருகிறது. பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமார் நம் ஊர்களில் எத்தனை பேர் என்பதை நீங்கள் அறிவீர்கள். பள்ளிக்கூடத்தில் பாடப்புத்தகம் இலவசம், சீருடை இலவசம், மதிய உணவும் உண்டு. ஆனாலும் செருப்பு, பென்சில் பெட்டி, தையற்கூலி என்று ஐந்நூறு ரூபாய் எங்கிருந்தாவது புறப்பட்டு வந்துவிடும்.

அந்த மாதத்தில் அந்தத் தாயார் என்ன செய்வார்? ஒன்று, கடன் வாங்குவார். நூற்றுக்குப் பத்து வட்டி. ஆயிரம் என்று எழுதிக்கொண்டு தொள்ளாயிரம் கையில் கொடுப்பார்கள். வங்கியின் ஏடிஎம் அட்டையையே கடன் கொடுத்தவரிடம் விட்டுவைத்திருப்பவர்களும் உண்டு. பணம் வந்த அன்றே அவர் எடுத்துக்கொண்டு, மீதியை இவர் கையில் வைப்பார்.

இல்லையென்றால், எதையாவது நிறுத்துவார். பிரியமானவர்களே, நாங்கள் இன்று சொல்லவந்தது இதுதான். அவர் முதலில் நிறுத்துவது மாத்திரையை. அரிசியை நிறுத்தினால் பசி கூப்பிடும். வாடகையை நிறுத்தினால் வீட்டுக்காரர் கூப்பிடுவார். சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால் ஒருவரும் கூப்பிடுவதில்லை. இரத்தக்கொதிப்பு ஏறினாலும் அநேகருக்கு வலி தெரியாது. ஆகவே தினம் இரண்டு என்பது ஒன்றாகும். ஒன்று என்பது ஒன்றுவிட்ட நாள் ஆகும். “நன்றாய்த்தானே இருக்கிறேன்” என்று மனதைத் தேற்றிக்கொள்ளுவார். சில மாதம் கழித்து ஆறாத காற்புண்ணோடோ, ஒரு பக்கம் கைகால் விழுந்த நிலையிலோ நம் அவசரப் பிரிவுக்கு வருவார். மிச்சம் பிடித்தது நூறு ரூபாய். இழந்தது ஒரு கால்.

“அம்மா, மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்?” என்று டாக்டர் கேட்டால், “மறந்துட்டேன் டாக்டர்” என்பார்கள். வறுமையைச் சொல்ல வெட்கம். டாக்டர் போனபின், “பாட்டி, சிலிண்டர் எப்போது வாங்கினீர்கள்?” என்று நாங்கள் கேட்போம். அந்தத் தேதியும் மாத்திரை நின்ற தேதியும் அநேகந்தரம் ஒன்றாகவே இருக்கும். “ஐயா, நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று ஒரு தாயார் அழுதார்.

இவர்களுக்குச் சிக்கனத்தைப் பற்றி நாம் பிரசங்கிக்கவேண்டியதில்லை. 1200 ரூபாயில் மாதத்தை ஓட்டுகிறவர்களைவிடத் திறமையான கணக்கர் நம்மில் யார்? அவர்களுக்கு வேண்டியது இரண்டு: விடுபட்டது கிடைக்கவேண்டும்; கனமான மாதத்தில் ஒரு கை கொடுக்கவேண்டும்.

ஆதித்திருச்சபையில் எழுந்த ஒரு முறைப்பாட்டை அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள். அப்போஸ்தலர்கள் அதைச் சின்னக் காரியம் என்று தள்ளவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்துகொண்டு அதற்கென்றே நியமித்தார்கள். அவர்களில் ஒருவர் ஸ்தேவான். பட்டியலில் பெயர் விட்டுப்போன விதவைக்காகத் திருச்சபை தன் மிகச் சிறந்த மனிதரை அனுப்பியது.

இன்றும் பெயர்கள் விட்டுப்போகின்றன. உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகை ரேஷன் கடைக் கருவியில் விழுவதில்லை; தமக்குப் பதிலாக வேறொருவரைப் பொருள் வாங்க நியமிக்கலாம் என்பது அநேகருக்குத் தெரியாது. முதியவர்களுக்கு ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது, மாமியார் முதியோர் உதவித்தொகை பெற்றாலும் தகுதியுள்ள மருமகள் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தும், முடியாது என்று எண்ணிச் சும்மா இருந்த வீடுகள் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்தக்கொதிப்புக்கும் உரிய மாத்திரை வீடு தேடியே வந்தது. நம் நோயாளி நம்மிடம் மாத்திரை வாங்காமல் அங்கே வாங்கினால் நமக்குக் குறைவொன்றும் இல்லை. அவர் விடாமல் சாப்பிட்டால் அதுவே நமக்குச் சந்தோஷம்.

ஆகவே நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன் சில கேள்விகள் கேட்டு அனுப்புகிறோம். ரேஷன் அட்டை உங்கள் பெயரில் இருக்கிறதா? உதவித்தொகை மாதந்தோறும் வருகிறதா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? கரண்டுக்கு யாரிடம் பணம் கட்டுகிறீர்கள்? அடுத்த சிலிண்டர் எந்த மாதம்? காப்பீட்டு அட்டை பெரிய சிகிச்சைக்கு உதவும். ஆனால் மாதாந்தர மாத்திரைக்கும், துணைக்கு வருகிறவரின் பஸ் செலவுக்கும் உதவாது. முழுச் சிலிண்டருக்குப் பணம் சேராதவர்களிடம், ஐந்து கிலோ வீட்டு உபயோகச் சிலிண்டரும் உண்டு, ஏஜென்சியில் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லுகிறோம்.

இனி உங்களிடம் எங்கள் வேண்டுகோள். உங்களில் தாசில்தார் அலுவலகத்திலும், வங்கியிலும், பள்ளிக்கூடத்திலும் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறீர்கள். மனு எழுதவும், வி.ஏ.ஓ.வைப் பார்க்கவும், ஒரு பாட்டியை ஆட்டோவில் அழைத்துப்போய் வங்கிக் கணக்கைச் சரிபார்க்கவும் மாதத்தில் ஒரு நாள் கொடுங்கள். உங்கள் பணத்தைவிட உங்கள் அனுபவம் அங்கே அதிகம் உதவும்.

பணம் கொடுக்கிறவர்களுக்கு இன்னொன்று. கிறிஸ்துமஸ் காலத்தில் நீங்கள் மனதார அனுப்பும் அரிசிக்கும் சேலைக்கும் ஸ்தோத்திரம். ஆனால் சிலிண்டர் டிசம்பரை எதிர்பார்த்துத் தீருவதில்லை. நம் பாட்டிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்துச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். கைப்பிடி அரிசி என்று அதற்குப் பெயர். கொடுத்தது கொஞ்சம், ஆனால் எந்த நாளில் யாருக்குத் தேவை வந்தாலும் கலயத்தில் அரிசி இருந்தது. அதுபோல மாதம் ஐம்பதோ நூறோ, உங்களால் இயன்றதை ஒழுங்காக அனுப்புங்கள். நூறு ரூபாய் வீதம் ஒன்பது பேர் சேர்ந்தால் ஒரு தாயாரின் கனமான மாதம் கடந்துபோகும். அவர் வட்டிக்காரரிடம் போகவேண்டாம், மாத்திரையை நிறுத்தவேண்டாம்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, “சௌக்கியமா, பாட்டி?” என்று கேட்டால் “சௌக்கியம்” என்றே சொல்லுவார். அதோடு விட்டுவிடாமல் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: “இந்த மாதம் மாத்திரை வாங்கினீர்களா?” அவர் தயங்கினால், கூடவே நடந்து வீடுவரை போய்ப் பாருங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.