சிகரமும் துணையும்

8,000 மீட்டருக்கு மேல், கடல்மட்டத்தில் நமக்குக் கிட்டும் பிராணவாயுவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே மூச்சுக்குக் கிட்டும். மூளை வீங்கலாம், நுரையீரலில் நீர் கோக்கலாம். அங்கே கணவனும் மனைவியும் உடன் ஏறுகையில், ஒருவர் தளர்ந்தால் மற்றவர் உயிரும் ஊசலாடும்.

இத்தாலியரான நீவெஸ் மெரோய், தம் கணவர் ரோமானோ பெனெட்டுடன் 2009-இல் சிக்கிம் எல்லையிலுள்ள கஞ்சன்ஜங்காவில் ஏறினார். 8,000 மீட்டரைக் கடந்த 14 சிகரங்களையும் எட்டும் முதற் பெண்மணியாகும் வாய்ப்பு அவர்முன் இருந்தது. வழியில் கணவர் சோர்ந்தார். தனியே ஏற மறுத்து, மனைவியும் உடன் இறங்கினார். கணவருக்குக் கொடிய இரத்தநோய் என்பது பின்னரே தெரிந்தது.

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையால் அவர் பிழைத்தார். முதற் பெண்மணி என்ற புகழ் பிறரைச் சேர்ந்தது. ஆயினும் 2014-இல் இருவரும் கஞ்சன்ஜங்காவை அடைந்தனர். 2017-இல் அன்னபூர்ணாவுடன் 14 சிகரங்களையும் சேர்ந்தே நிறைவு செய்தனர். அன்று இறங்கியதாலன்றோ அது கைகூடிற்று!